சரளைத் தடமும் ஆறிய நெருப்பும்

பூளை பூத்துக் கிடந்த மேடு என்பதே பீளமேடு என மருவியது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதே பூளைப்பூதான். இன்று அந்தப் பூவைக் காண வேண்டுமானால் காப்புக்கட்டு நாளில் சந்தைக்குத்தான் போக வேண்டும். பூ போனாலும் மண் போகவில்லை. அவிநாசி சாலையை ஒட்டி எங்கே கடைக்கால் தோண்டினாலும் கறுப்பு மண் வந்து குவிகிறது. கோடையில் கை நுழையுமளவுக்கு வெடிக்கும். மழையில் மிதித்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் முதற்பொருள் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். நிலமும் பொழுதுமே முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்ததை விளக்கி, நிலத்தை அறியாமல் இலக்கியத்தை அறிய முடியாது என்று சற்று உரத்த குரலிலேயே சொல்லிவிட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, நம்மூர்க் கறுப்பு மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததுதானே?" என்று கேட்டார். பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்த புவியியல் விடை நாவில் தயாராக இருந்தது. "ஆமாம்" என்றோம். மாணவரும் எழுதிக்கொண்டார்.

அந்த விடை பிழையானது என்பது பின்னர் வேளாண் துறை நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் தெரியவந்தது. நிலத்தை அறியச் சொன்னவருக்கே தம் காலடி நிலம் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் எங்களை மிதிவண்டியில் ஏற்றியது. நண்பர்கள் நால்வர். ஞாயிறு விடியலில் பீளமேட்டிலிருந்து புறப்பட்டுச் சூலூர், பல்லடம், பொங்கலூர் வழியாகக் காங்கயத்துச் சிவன்மலை வரை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இயன்ற இடங்களிலெல்லாம் தார்ச்சாலையை விட்டுச் சரளைத் தடங்களிலும் இட்டேரிகளிலும் போவது என்று முடிவு. ஒரு முறை போய்வந்ததோடு அது நிற்கவில்லை. கடந்த சில ஆண்டுகளில் பலமுறை போய்விட்டோம். அந்தப் பயணங்களில் கண்டதும், அவற்றை ஒட்டிப் படித்ததுமே இக்கட்டுரை.

*

முதலில் அந்தப் பிழையைத் திருத்திவிடுவோம்.

இந்தியாவில் எரிமலைக் குழம்பு பெருகி உறைந்த பெருநிலம் தக்காணத்தின் வடமேற்குப் பகுதி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் பிளந்து, குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. இன்று எஞ்சியிருக்கும் பரப்பே சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். மகாராட்டிரத்தின் மலைகள் படிக்கட்டுகளைப் போலத் தோன்றுவதற்கு அந்த அடுக்குகளே காரணம். நிலவியலாளர்கள் அப்பாறைக்கு வைத்த 'டிராப்' என்ற பெயரும் படி என்று பொருள்படும் சுவீடன் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தப் பாறை சிதைந்து உண்டானது விதர்ப்பத்தின் பருத்தி மண். பாடப்புத்தகம் சொல்வது அதைப் பற்றி. ஆனால் அந்தக் குழம்பு தெற்கே பெல்காம் வட்டாரத்தோடு நின்றுவிட்டது. கோவைக்கும் அதற்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது.

அப்படியானால் எங்கள் கறுப்பு மண் எங்கிருந்து வந்தது? இங்கேயே இருக்கும் பழம்பாறைகளிலிருந்து வந்தது. இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் மிகுந்த நைஸ் வகைப் பாறைகள், மழை குறைந்த இந்த வறள் வெளியில் நெடுங்காலம் சிதைந்து, தாழ்ந்த இடங்களில் படிந்து, களிமண் ஏறிக் கறுத்தன. மேடான இடங்களில் அதே பாறைகள் சிதைந்து செம்மண்ணாகவும் சரளையாகவும் நின்றன. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைக் காணலாம். மண்ணியலார் மண் வகைகளுக்கு ஊர்ப்பெயர்களைச் சூட்டுவது வழக்கம். கோவை வட்டாரத்தில் 'பீளமேடு வரிசை' என்பது கறுப்பு மண்; 'இருகூர் வரிசை', 'பல்லடம் வரிசை' ஆகியவை செம்மண். நாங்கள் மிதித்துப் போகும் வழியில் அடுத்தடுத்து வரும் ஊர்களே மண்ணுக்கும் பெயர்களாக இருக்கின்றன. பேருந்தில் போகிறவருக்கு அவை நிறுத்தங்களின் பெயர்கள் மட்டுமே. மிதிவண்டியில் போகிறவருக்குச் சக்கரம் சொல்லிவிடுகிறது. கறுப்பு மண்ணில் அது புதையும், செம்மண்ணில் உருளும், சரளையில் சலசலக்கும்.

கொங்கு நாட்டில் எரிமலையின் வாய் எதுவும் இல்லை. திருவண்ணாமலையை அணைந்த எரிமலை என்று சொல்வதுபோல் நம் பக்கத்து மலைகளைப் பற்றியும் சிலர் சொல்வதுண்டு. அழகான கற்பனைதான். ஆனால் உண்மை அதைவிடச் சுவையானது. இங்கே நெருப்பு இருந்தது. அது மேலே வரவில்லை. அதைக் காணத்தான் சிவன்மலைக்குப் போக வேண்டும். அதற்குமுன் நாங்கள் ஏறிய வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில் மிதிவண்டிக்கும் எரிமலைக்கும் ஓர் உறவு உண்டு.

*

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான வெடிப்புகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. அதன் புகையும் தூசும் வான்வெளியில் பரவி, மறு ஆண்டான 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராமல் போயிற்று. பயிர் அழிந்தது, ஓட்ஸ் விலை ஏறியது, தீவனமின்றிக் குதிரைகளைப் பேணுவது அரிதாயிற்று. அடுத்த ஆண்டு, 1817 சூன் 12 அன்று, செர்மனியின் மன்ஹைம் நகரத்திலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய மரவண்டி ஒன்றில் அமர்ந்து, தரையைக் காலால் உந்தியபடி புறப்பட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பல கிலோமீட்டர் போய்த் திரும்பிவிட்டார். குதிரை இல்லாத காலத்துக்காகவே இந்த ஓட்ட எந்திரம் பிறந்தது, ஆகவே மிதிவண்டியின் மூதாதை தம்போராவின் பிள்ளை என்பது செர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் எர்ஹார்ட் லெசிங் முன்வைத்த கருத்து. எல்லா வரலாற்றாசிரியர்களும் இதை ஏற்பதில்லை. ஆயினும் கால ஒற்றுமை மறுக்க முடியாதது.

டிரைஸ் ஓட்டியது தார்ச்சாலையில் அல்ல. அன்று தார்ச்சாலையே கிடையாது. அதே ஆண்டுகளில்தான் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உடைத்த கல்லைச் சீராகப் பரப்பிச் சாலை போடும் முறையை நிலைநிறுத்திக்கொண்டிருந்தார். நாம் கப்பிச்சாலை என்று சொன்னோமே, அது அவர் வழி வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகும் மிதிவண்டிகள் ஓடியது கல்லிலும் மண்ணிலும்தான். பழைய மிதிவண்டிகள் எல்லாமே சரளை மிதிவண்டிகள்தாம். 'கிராவல் சைக்கிள்' என்று இப்போது தனி இனமாக விற்கப்படுவது, தார்ச்சாலையே விதியாகிவிட்ட பிறகு வந்த ஒரு திரும்பிப் பார்த்தல். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006இல் தொடங்கிய நெடுந்தொலைவுச் சரளைப் போட்டி அதற்குப் புகழ் சேர்த்தது. ஐஸ்லாந்தில் ஹெக்லா எரிமலைக்கு அருகே, உறைந்த குழம்பு வெளிகளினூடே 200 கிலோமீட்டர் ஓட்டும் 'தி ரிஃப்ட்' என்ற போட்டி 2019இல் தொடங்கியது. 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சரளை வாகையர் போட்டியும் நடந்தது.

எங்கள் நால்வரில் ஒருவரிடம் மட்டுமே அத்தகைய வண்டி இருக்கிறது. வளைந்த கைப்பிடி, அகன்ற டயர், பலவகைப் பற்சக்கரங்கள். மற்ற மூவருடையவை சாதாரண வண்டிகள். அவற்றுள் ஒன்று தந்தையார் காலத்து வண்டி. பால்கேன் கட்டிய தழும்பு இன்னும் கேரியரில் இருக்கிறது. இட்டேரியில் நான்கும் ஒரே வேகத்தில்தான் போயின.

*

ஆடி மாதத்தில் இந்தப் பயணத்தைச் செய்து பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். போகும்போது மிதிக்க வேண்டிய அவசியமே இராது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மேலைக் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற வணிகச் சாத்துகளையும் இதே காற்றுதான் தள்ளியிருக்கும்.

அந்தப் பெருவழியின் தடயங்கள் இவ்வட்டாரத்தில் நிறைய உண்டு. முசிறியிலிருந்து கணவாய் வழியே நொய்யல் கரையைத் தழுவிக் கரூர் வரை சென்ற வழி அது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842 தொடங்கிப் பலமுறை உரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டசும் டைபீரியசும் அவற்றில் முகம் காட்டுகிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியும் வழி உயிரோடிருந்தது. சுண்டக்காமுத்தூருக்கு அருகே குன்றுப் பாறையில் வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் 'இராசகேசரிப் பெருவழி' என்று பொறித்திருக்கும் சோழர் காலக் கல்வெட்டு அதற்குச் சான்று.

வண்டியையும் வழியையும் பாடியவர்கள் நம் சங்கப் புலவர்கள். மலையை வெட்டித் தேருருளைக்கு வழி செய்த செய்தி அகநானூற்றிலும் புறநானூற்றிலும் வருகிறது. உப்பு வணிகரின் வண்டித்தொடரைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துக் காட்டுகிறது. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் காட்சி உண்டு. ஆண்டுதோறும் அப்பாட்டை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். சொற்பொருளும் உவமையும் சொல்வோம். பொங்கலூரைத் தாண்டியதும் ஓர் இட்டேரியில் நெருஞ்சி முள் குத்தி, முன் சக்கரத்தில் காற்று முழுதும் இறங்கி, மாற்று டியூபை மறந்து வந்தவரை மற்ற மூவரும் பார்த்த பார்வையில்தான் அந்தப் பாட்டு எங்களுக்குப் புரிந்தது. மறந்து வந்தவர் தமிழாசிரியர் என்பதை மறைப்பதற்கில்லை.

*

சிவன்மலை தனித்து நிற்கும் குன்று. மேலே சுப்பிரமணியர் கோயில். அருணகிரிநாதர் பாடிய பட்டாலியூர் இதுவே என்பர். ஆண்டவர் பக்தர் ஒருவரின் கனவில் வந்து சொல்லும் பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வழிபடும் 'ஆண்டவர் உத்தரவுப் பெட்டி' கொங்கு நாடெங்கும் அறிந்தது. பக்தர் கூட்டம் பெட்டியைப் பார்த்துவிட்டு இறங்கும். நிலவியல் படித்தவர்கள் காலடியைப் பார்ப்பார்கள்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1901இல் சிவன்மலைப் பாறைகளைப் பற்றி விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். நெஃபலின் சயனைட் என்னும் அரிய தீப்பாறை இங்கே இருப்பதை அது உலகுக்குச் சொன்னது. ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு, தரையைத் தொடுவதற்கு முன்பே நின்று, ஆழத்திலேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அதன் மேலிருந்த பாறை, பல கிலோமீட்டர் கனம் கொண்டது, கோடிக்கணக்கான ஆண்டுகளின் மழையிலும் வெயிலிலும் காற்றிலும் தேய்ந்து போயிற்று. ஆறிய நெருப்பு வெளியே வந்தது. நாம் படியேறி வணங்குவது அதன் மேல் நின்றுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தரைக்கு மேல் வழிந்த குழம்பு விரைவில் ஆறிவிடும். படிகங்கள் வளர நேரம் கிடையாது. ஆகவேதான் தக்காணத்துக் கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியும் படிகங்கள் பெரும்பாலும் இல்லை. ஆழத்தில் ஆறும் குழம்புக்கு அவசரமில்லை. படிகங்கள் நிதானமாக வளரும். மேலும் சிவன்மலைக் குழம்பில் சிலிக்கா என்னும் மணற்சத்து குறைவு. சிலிக்காவோடு சேர வாய்ப்பின்றி எஞ்சிய அலுமினியம் ஆக்சிசனோடு மட்டும் சேர்ந்து படிகமாயிற்று. அதற்குப் பெயர் குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினம் உடையது. சிவப்பேறினால் மாணிக்கம், நீலம் ஏறினால் நீலக்கல். ஆங்கிலத்தில் அதைக் கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல் நம் குருந்தத்திலிருந்தே போனது. கல்லும் இங்கிருந்து போயிற்று. சொல்லும் இங்கிருந்து போயிற்று.

சிவன்மலையிலிருந்து திருப்பூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் போனால் படியூர். இங்கே வேறொரு தீப்பாறை. பெக்மடைட் எனப்படும் பருபடிகப் பாறையின் நரம்புகளில் பெரில் என்ற மணி விளைந்தது. கடல்நீரின் நிறம் கொண்ட அதன் வகையை உரோமானியர்கள் பெரிதும் விரும்பினார்கள். பெரில் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். படியூர்ச் சுரங்கத்தை 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் மீண்டும் தோண்டிப் பார்த்தார். அதாவது, மன்ஹைமில் டிரைஸ் தம் மரவண்டியை ஓட்டிக் காட்டிய சில ஆண்டுகளுக்குள்.

படியூருக்கு வடகிழக்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் முடிவு. 1985இல் தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில் இங்கே பெரில், நீலக்கல், பளிங்கு முதலிய மணிகள், அவற்றை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், ஆட்பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்தன. பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும் ஆய்வைத் தொடர்ந்தது. பெரில் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலையிலிருந்து, பளிங்கு வெங்கமேட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். வெங்கச்சங்கல் என்று சிறுவயதில் நாம் உரசித் தீப்பொறி பறக்கவிட்டு விளையாடிய வெள்ளைக்கல்தான் அந்தப் பளிங்கின் எளிய உறவு. ஊர்ப்பெயரிலேயே அது ஒலிக்கிறது.

வழியையும் மணியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். உரோமானியக் காசு ஏன் இந்த வறண்ட வெளிக்கு வந்தது? இங்கே நெல் இல்லை, மிளகு இல்லை, துறைமுகம் இல்லை. ஆழத்தில் நிதானமாக ஆறிய நெருப்பு விட்டுச்சென்ற மணிகள் இருந்தன. கணவாய் அவற்றுக்கு வாசல் திறந்துவிட்டது. எங்கள் மாணவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். கொங்கு எரிமலை நாடு அன்று. எரிமலையாகாத நெருப்பின் நாடு. அதன் பொருளியலும் அதைப் பாடிய பாட்டும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

*

மணிகள் போயின. சரளை நின்றது. சரளையில் கொங்கு உழவர்கள் செய்தது என்ன என்பதே இரண்டாவது வரலாறு.

காங்கயம் வட்டாரத்தில் மழை குறைவு. மண் ஆழமில்லாதது, பருக்கைக்கல் மிகுந்தது. உழுதால் பலனில்லை என்று கண்டவர்கள் அதைக் கொறங்காடாக்கினார்கள். கொழுக்கட்டைப் புல் தரையை மூடும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழலும் நெற்றும் தரும். சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி. உள்ளே காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் மேயும். மேய்ப்பவர் தேவையில்லை, வேலி பார்த்துக்கொள்ளும். இம்மாட்டினத்தின் உறுதிக்கு இந்தச் சரளை மேய்ச்சலும் ஒரு காரணம் என்பது மாடு வளர்ப்போரின் நம்பிக்கை. 1800இல் இவ்வழியே வந்த பிரான்சிஸ் புக்கானன் முதல், 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன் வரை, பலரும் இந்நாட்டின் மண்ணையும் வேளாண்மையையும் உழவரின் உழைப்பையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒரு கொறங்காட்டின் வேலிக்கும் அடுத்த காட்டின் வேலிக்கும் நடுவே வண்டி போக விட்ட தடம்தான் இட்டேரி. கொங்கு நாட்டுக்கு வெளியே இச்சொல்லைச் சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கும். நடுவே மாட்டுவண்டிச் சக்கரம் பதித்த இரு தடங்கள். மிதிவண்டிக்கு ஒரு தடமே போதும். கீரிப்பிள்ளை குறுக்கே ஓடும், கௌதாரி கத்தும், தூரத்து வண்டிச் சத்தம் கேட்காது. மக்காடம் பிறப்பதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் தம் நிலத்தின் சரளையில் தமக்கான சாலையை வைத்திருந்தார்கள். செலவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தில், வழக்கமாகப் போகும் இட்டேரி ஒன்று நடுவழியில் கம்பிவேலியோடு முடிந்துபோயிற்று. கிளுவை வேரோடு பெயர்க்கப்பட்டுக் குவிந்து கிடந்தது. கல்தூண்கள் நட்டு முள்கம்பி இழுத்திருந்தார்கள். எதிரே ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேலிருக்கும்.

"ஏனுங் தம்பி, தடந்தெரியாம நிக்கறீங்களா?" என்றார்.

"போன தடவ இப்படியே போனமுங்க ஐயா" என்றோம்.

"போன தடவ இருந்துதுங்க. காட்ட வித்துப்போட்டாங்க. வாங்குனவிய அளந்து கம்பி போட்டுட்டாங்க. இட்டேரிக்கு யாருங் கணக்கு வெச்சிருக்கறாங்க? எங்கப்பங்காலத்துல இதுல சோடிமாட்டு வண்டியில பருத்திப்பொதி போகுமுங்க." குட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "எனக்கென்னங், நா தூக்கிவெச்சுத் தாண்டீருவன். ஆடு தாண்டுமுங்களா?"

அவருடைய கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. வண்டிகளைத் திருப்பித் தார்ச்சாலைக்கு வந்தோம். ஆறு கிலோமீட்டர் சுற்று.

*

அன்று இரவு ஒன்றை நினைத்துப் பார்த்தோம். இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், கியாந்தி மலைப்பகுதியின் வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்துவந்தன. 1997இல் கையோலே என்ற சிற்றூரில் சன்கார்லோ புரோச்சி என்பவர் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். பழைய வண்டிகளில், சரளைச் சாலைகளின் வழியே. முதல் ஆண்டு வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 'லெரோய்கா' என்ற அந்தப் பயணம் வளர்ந்து, பின்னர் 2007இல் 'ஸ்திராதே பியான்கே' என்ற தொழில்முறைப் போட்டிக்கும் வழிவகுத்தது. சாலைகளைக் காப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. மிதிக்க ஆள் இருந்ததால் சாலையைக் காக்கவும் ஆள் கிடைத்தார்கள்.

தஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களையும் கொங்கின் கொறங்காடுகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்துமா என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டில் மிதிவண்டி பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. பீளமேட்டு ஆலைகளின் சங்கு ஊதும் நேரத்தில் அவிநாசி சாலையை நிறைத்தவை தொழிலாளரின் மிதிவண்டிகள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சிற்றூர்ப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். அவர்களுள் கல்குவாரியில் கல்லுடைத்த பெண்களும் இருந்தார்கள். பிறர் சாலைக்குச் சல்லி உடைத்தவர்கள், தாமே சாலையில் உருண்டு போனார்கள். மிதிவண்டி அவர்களுக்குத் தண்ணீரும் சந்தையும் பள்ளியும் ஆயிற்று. அதை மறந்துவிட்டுச் சரளையின் அழகைப் பேசுவது முறையாகாது.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஊருக்குத் தார்ச்சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் போகும் வண்டிக்கும் பள்ளிப் பேருந்துக்கும் நல்ல சாலை வேண்டும். நாங்கள் கேட்பது வேறு. இட்டேரி யாருடைய தனிச்சொத்தும் அன்று. அவற்றுள் பல, கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடிட்டுக் காட்டப்பட்டவை. "யாருங் கணக்கு வெச்சிருக்கறாங்க" என்று பெரியவர் கேட்டாரே, கணக்கு இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள், ஆளுக்கொரு மிதிவண்டியும் ஊருக்கொரு வரைபடமும் கொண்டு, தம் ஊர் இட்டேரிகளைப் போய்ப் பார்த்துக் குறித்து வந்தால் போதும். எது இருக்கிறது, எது அடைபட்டது, எது தார் ஏறியது, வேலியில் என்ன செடி, தடத்தில் என்ன கல். அத்தகைய ஏடு ஒன்று இருந்தால், அடுத்தமுறை கம்பி இழுக்க வருபவர் ஒருமுறையாவது தயங்குவார்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் அதைத் தொடங்கியிருக்கிறோம். முதலில் பதினோரு மாணவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் கடன் வாங்கிய வண்டிகளில் வந்தவர்கள். இருகூர் தாண்டி மண் சிவக்கத் தொடங்கியதும் ஒரு மாணவி இறங்கி, இரண்டு கைகளிலும் மண்ணை அள்ளி, பீளமேட்டிலிருந்து தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த கறுப்பு மண்ணோடு வைத்துப் பார்த்தார். "ஐயா, இது எரிமலை மண்ணுங்களா?" என்றார்.

இல்லை என்றோம். ஏன் இல்லை என்பதைச் சொல்லச் சிவன்மலை வரை நேரம் இருந்தது.